கம்பியில்லா இணைப்பு: கடைச் சாவி யார் கையில்?

வியாபாரிக்குச் சாவி என்பது சாதாரணப் பொருள் அல்ல. இரவு கடை சாத்தும்போது ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டு, இழுத்துப் பார்த்து, நாலடி நடந்த பிறகும் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கல்லாச் சாவியைப் பெற்ற பிள்ளையிடம் கொடுப்பதற்கே பல வருஷம் யோசித்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம், கடைக்கு இன்னொரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு, அதன் சாவி எங்கே என்றே தெரியாமல் இருக்கிறோம். அந்த வாசலின் பெயர் வைஃபை.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. எங்கள் கடையில் பட்ட பிறகே எழுதுகிறோம்.

ஒரு ராத்திரி நின்ற லாரி

2023-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு நடந்தது இது. மதுரையிலிருந்து குமுளிக்குப் போக வேண்டிய சரக்கு. துவரம்பருப்பு, மிளகாய் வத்தல், சீரகம் எல்லாம் ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கயிறும் கட்டியாகிவிட்டது. குமுளி கேரளத்தைச் சேர்ந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் என்றால் ஈ-வே பில் இல்லாமல் நகர்த்தக் கூடாது. மணி மாலை ஏழு. கணக்கு எழுதும் பெண் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால், "இணைப்பு இல்லை" என்று வருகிறது.

எங்கள் கடையில் ஃபைபர் லைன் முன்பக்கம் கல்லாவுக்கு மேலே வந்து முடிகிறது. கம்ப்யூட்டர் இருப்பது பின்கட்டில், கிட்டங்கியை ஒட்டிய அறையில். நடுவே இரண்டு சுவர். கேபிள் இழுத்தால் சுவரில் துளை போட வேண்டும் என்று சொல்லி, ஒரு சிறிய வைஃபை அடாப்டரை வாங்கிக் கம்ப்யூட்டரின் பின்புறம் செருகிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார் பொருத்த வந்தவர். எட்டு மாதம் ஓடியது. அன்று நின்றுவிட்டது.

கணக்கெழுதும் பெண் இருக்கிற இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கப் பார்த்தார். பாஸ்வேர்டு கேட்டது. எங்கள் யாருக்கும் தெரியாது. பொருத்தியவருக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். செல்போனிலேயே ஈ-வே பில் போடலாமே என்றால், அந்தத் தளத்துக்கான பெயரும் பாஸ்வேர்டும் கம்ப்யூட்டருக்குள் தானாக வந்து நிற்கும்படி சேமித்து வைத்திருந்தோமே ஒழிய, யார் மனதிலும் இல்லை, எந்த நோட்டிலும் இல்லை.

"முதலாளி, ராத்திரியோட ராத்திரியா மலை ஏறலேன்னா காலையில கடை திறக்கும்போது சரக்கு போய்ச் சேராது" என்றார் டிரைவர். அவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை. வண்டி ராத்திரி முழுவதும் நின்றது. காத்திருப்புக் கூலி கொடுத்தோம். அது பெரிதல்ல. பண்டிகை வியாபாரத்துக்குச் சரக்கு கேட்டிருந்த குமுளிக் கடைக்காரர், அவசரத்துக்குப் பாதியை வேறிடத்தில் வாங்கிவிட்டார். அவர் மீது தப்பு இல்லை. பத்து மூட்டையை இறக்கி வைக்க நேர்ந்தது எங்கள் தப்பு.

மறுநாள் காலை பொருத்தியவர் வந்தார். பாஸ்வேர்டு என்ன என்று கேட்டோம். எங்கள் கடையின் டெலிபோன் நம்பராம்! அந்த நம்பர் கடைப் போர்டில் இருக்கிறது, பில்லில் இருக்கிறது, வருஷா வருஷம் கொடுக்கிற காலண்டரிலும் இருக்கிறது. எங்களுக்கு மட்டும்தான் அதுதான் சாவி என்று தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்திருந்தது. ரௌட்டரைத் திறந்து பார்த்தபோது, அந்த நேரத்தில் இணைந்திருந்த கருவிகள் பதினொன்று. எங்களுடையவை நான்கு.

முதல் நாள் இணைப்பு ஏன் அறுந்தது? அன்று மதியம்தான் பண்டிகைக்கு வந்த எண்ணெய் டின்களை அந்த அறை வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தோம். அவ்வளவுதான் காரணம்.

எதற்கு இத்தனை பேச்சு?

ஒரு சின்னக் கருவிக்காக இத்தனை பேச்சா என்று சிலர் கேட்கலாம். அந்தக் காலத்தில் விலை கேட்க டிரங்க் கால் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தோம். அவசரமென்றால் தந்தி கொடுத்தோம். தந்தி தாமதமானால் லாபம் குறையும். ஆனால் கடை நிற்காது. அந்தத் தந்திச் சேவையே 2013 ஜூலையில் முடிந்துபோனது.

இன்று நிலைமை வேறு. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. கணக்குத் தாக்கல் முழுவதும் நெட் வழியாகத்தான். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கும், அதே ஆண்டு ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கும் ஈ-வே பில் வந்தது; உள்மாநிலத்துக்கு நம் மாநிலத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரம்பு. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டிய வியாபாரி, பதிவு பெற்ற இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லையே அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். அதாவது நெட் இல்லையென்றால் மொத்த வியாபாரிக்குப் பில் இல்லை. பில் இல்லையென்றால் சரக்கு நகராது. லாரிக்கு டீசல் எப்படியோ, நம் கடைக்கு இணைப்பு அப்படி ஆகிவிட்டது. அதை வேறொருவர் வந்து செருகிவிட்டுப் போன சமாசாரமாக எத்தனை நாள் விட்டு வைப்பது?

அடாப்டர் என்பது என்ன?

அடாப்டர் என்றதும் செல்போன் சார்ஜரை நினைக்க வேண்டாம். ரேடியோப் பெட்டிக்கு ஏரியல் எப்படியோ, அப்படிக் கம்ப்யூட்டருக்குக் காற்றில் வரும் அலையைப் பிடித்துக் கொடுப்பதும், கம்ப்யூட்டர் சொல்வதைத் திருப்பி அனுப்புவதும் இந்தச் சிறு கருவி. மடிக்கணினியிலும் செல்போனிலும் இது உள்ளேயே இருக்கும். நம் கடையில் மேஜை மேல் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இருக்காது. தனியாகத்தான் வாங்கிப் பொருத்த வேண்டும்.

இந்த முறைக்கான பொது விதிகள் 1997-இல் வகுக்கப்பட்டன; வைஃபை என்ற பெயர் 1999-இல் வந்தது. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தனி உரிமம் இல்லாமல் உபயோகிக்கலாம் என்று மத்திய அரசு 2005-இல் அனுமதித்த பிறகுதான் இது கடை கடையாகப் பரவ வழி பிறந்தது.

கடைகளில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, பென் டிரைவ் போல யு.எஸ்.பி. துளையில் செருகுவது. மற்றொன்று, பெட்டியைத் திறந்து உள்ளே மதர்போர்டில் பொருத்தும் கார்டு. முதல் வகை சுலபம். பழுதானால் பிடுங்கி மாற்றலாம். இரண்டாம் வகைக்கு ஆள் வேண்டும். ஆனால் ஏரியல் பெரிதாக இருப்பதால் பிடிமானம் பொதுவாக நன்றாக இருக்கும். விரல் நகம் அளவே உள்ள யு.எஸ்.பி. அடாப்டர் பார்க்க அழகு. கிட்டங்கி அறைக்கு அது உதவாது. வெளியே தெரிகிற ஏரியல் உள்ளதை வாங்குங்கள்.

டப்பாவின் மேல் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 600 என்று போட்டிருந்தால், ஒரு அலைவரிசையில் 150, இன்னொன்றில் 433, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக ஆக்கிய கணக்கு அது. ஒரு நேரத்தில் கம்ப்யூட்டர் ஒன்றில்தான் ஓடும். கைக்கு வருவது அதிலும் குறைவு. சாக்கோடு சேர்த்த எடை எது, சாக்குக் கழித்த எடை எது என்று நமக்கா தெரியாது? பில் போடவும் ஈ-வே பில் எடுக்கவும் பெரிய வேகம் தேவையே இல்லை. அறாமல் இருப்பதுதான் தேவை.

வாங்கும்போது நம் கம்ப்யூட்டரில் என்ன விண்டோஸ் இருக்கிறது என்று சொல்லி, அதற்கு ஒத்துவருமா என்று கேட்டு வாங்க வேண்டும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. இன்னும் அவற்றிலேயே ஓட்டுகிறவர்கள், அடாப்டருக்குச் செலவழிக்கும் முன் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டுமா என்று யோசிப்பது நல்லது. எதை வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். ஊருக்கெல்லாம் பில் போடுகிற நாம் பில் இல்லாமல் வாங்கினால் உள்ளீட்டு வரியும் போகும், வாரண்டியும் போகும்.

டிரைவர் இல்லாத வண்டி

செருகியவுடன் வேலை செய்தால் சந்தோஷம். செய்யாவிட்டால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: டிரைவர் இல்லை. லாரி வாங்கி வாசலில் நிறுத்திவிட்டால் போதுமா? ஓட்ட ஆள் வேண்டும். அதுபோல இந்தக் கருவியை ஓட்டுவதற்கு என்று ஒரு சிறிய மென்பொருள் உண்டு. அதற்குப் பெயரே டிரைவர்தான். டிவைஸ் மேனேஜர் என்ற இடத்தில் போய்ப் பார்த்தால், டிரைவர் இல்லாத கருவியின் மேல் மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி நிற்கும்.

இங்கேதான் பலர் திகைத்து நிற்கிறார்கள். டிரைவரை நெட்டிலிருந்து எடுக்க வேண்டும். நெட் வருவதற்கே டிரைவர் வேண்டும். டப்பாவோடு ஒரு சி.டி. கொடுத்திருப்பார்கள், நம் கம்ப்யூட்டரிலோ சி.டி. போடும் இடமே இருக்காது. முட்டை முந்தியா கோழி முந்தியா என்ற கதை.

இதற்கு வழி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு செல்போனைச் சார்ஜ் செய்யும் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனின் செட்டிங்ஸில் யு.எஸ்.பி. டெதரிங் என்பதை ஆன் செய்தால், போனில் இருக்கும் நெட் கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அடாப்டரே வேண்டியதில்லை. கேபிள் மட்டும் சார்ஜ் மட்டுமே ஏற்றும் மலிவுக் கேபிளாக இல்லாமல், தகவலும் கடத்துகிற கேபிளாக இருக்க வேண்டும். அந்த நெட்டைக் கொண்டு டிரைவரை, அடாப்டர் தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். இலவச டிரைவர் தருகிறோம் என்று கூப்பிடும் வேறு தளங்களில் கால் வைக்கக் கூடாது. எடுத்ததை ஒரு பென் டிரைவில் போட்டுக் கல்லாவில் வைத்துவிடுங்கள்.

அன்று ராத்திரி எங்கள் கையில் மூன்று செல்போன் இருந்தது. கேபிளும் இருந்தது. பெயரும் பாஸ்வேர்டும் சேமித்திருந்த அதே கம்ப்யூட்டரிலேயே ஐந்து நிமிஷத்தில் ஈ-வே பில் எடுத்து லாரியை அனுப்பியிருக்கலாம். கருவி இல்லாமல் நஷ்டப்படவில்லை நாங்கள், தெரியாமல் நஷ்டப்பட்டோம். ஈ-வே பில்லைக் குறுஞ்செய்தி வழியாகவும் எடுக்கும் வசதி உண்டு. ஆனால் அதற்குச் செல்போன் நம்பரை முன்கூட்டியே பதிந்து வைத்திருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு அணை போட முடியாது.

சரக்கும் அலையும்

மளிகைக் கடைக்கும் கிட்டங்கிக்கும் உள்ள தனிப்பட்ட தொல்லை ஒன்று உண்டு. அலைக்கு இரும்பும் தகரமும் ஆகாது, பட்டால் திரும்பிவிடும். தண்ணீர் அலையைக் குடித்துவிடும். நம் கடையில் எண்ணெய் டின், இரும்பு ராக்கு, தண்ணீர் கேன், குளிர்பானப் பெட்டி, ஃப்ரிட்ஜ் இல்லாத இடம் எது? இன்று நன்றாக இருக்கும் இணைப்பு, நாளை சரக்கு வந்து இறங்கியதும் அறுந்தால் அடாப்டர் மேல் பழி போடக் கூடாது. ஆகவே ரௌட்டரை ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் மாட்ட வேண்டும். கல்லாவுக்கு அடியிலோ தகர அலமாரிக்குள்ளோ வைக்கக் கூடாது. அடாப்டரைக் கம்ப்யூட்டரின் பின்புறம் சுவரைப் பார்த்துச் செருகாமல், ஒரு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிள் வாங்கி மேஜைக்கு மேலே தூக்கி வைத்தால் போதும். நீல நிற யு.எஸ்.பி. துளைகள் 2.4 அலைவரிசைக்கு இடைஞ்சல் தரக்கூடியவை. அந்தத் தொல்லையும் இந்தக் கேபிளால் குறையும்.

2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருக்கிறது அல்லவா? 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும்; ஆனால் கடைத்தெருவில் அத்தனை கடையும் அதில்தான் நிற்கிறது. திருவிழாக் கூட்டத்தில் வண்டி ஓட்டுவது போலத்தான். 5 வேகம் அதிகம், கூட்டம் குறைவு. ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ரௌட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் என்றால் 5. நடுவே சுவர் என்றால் 2.4. அந்த 2.4-க்குள்ளும் 1, 6, 11 என்ற மூன்று தடங்கள் மட்டுமே ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்தில் எது காலியாக இருக்கிறதோ அதில் நம் ரௌட்டரை நிறுத்தச் சொல்லுங்கள்.

இணைப்பு நின்றால் பதற வேண்டாம். முதலில் ஒரு செல்போனை அதே வைஃபையில் போட்டுப் பாருங்கள். போனிலும் வரவில்லை என்றால் குற்றம் ரௌட்டரிலோ லைனிலோ. ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியே லைன் போய்விட்டது என்று அர்த்தம். போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால் அடாப்டரைப் பாருங்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அறுந்துபோகிறது என்றால், மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கருவியை அணைக்கலாம் என்று விண்டோஸுக்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிட வேண்டும். டிவைஸ் மேனேஜரில் ஒரு டிக் குறிதான். இணைப்பு இருக்கிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்காமல் எச்சரிக்கை காட்டுகிறது என்றால் கம்ப்யூட்டரில் தேதி சரியா என்று பாருங்கள். மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும். இணைப்பின் மேல் குற்றமே இராது.

பூட்டு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பாஸ்வேர்டு என்பது ஒப்புக்கு வைப்பதல்ல. அதே வைஃபையில் நுழைந்தவன் நம் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா இருக்கிற வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டவன். அவன் நெட்டில் எதையாவது செய்து வைத்தால், லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதல் விசாரணை வரும்.

ஆகவே டெலிபோன் நம்பர், கடைப் பெயர், ஜி.எஸ்.டி. எண், பிள்ளைகள் பெயர் எதுவும் பாஸ்வேர்டு ஆகாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்து, நடுவே எண்களும் போட்டு நீளமாக வையுங்கள். ரௌட்டரில் பாதுகாப்பு வகை என்று கேட்கும் இடத்தில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். டபிள்யூ.ஈ.பி. என்ற பழைய முறையை உடைக்கலாம் என்பது 2001-லேயே தெரிந்துபோன சங்கதி. பட்டனை அழுத்தினால் தானாகச் சேர்ந்துகொள்ளும் டபிள்யூ.பி.எஸ். வசதியையும் அணைத்து வையுங்கள்; அதன் எட்டு இலக்க எண் முறையில் ஓட்டை இருப்பது 2011-இல் வெளியாயிற்று.

வைஃபை பாஸ்வேர்டு வேறு. ரௌட்டரையே திறக்கும் நிர்வாகப் பாஸ்வேர்டு வேறு. பலர் இரண்டாவதைக் கம்பெனியிலிருந்து வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். அது வாசலைப் பூட்டிவிட்டு நிலையில் சாவியைத் தொங்கவிடுவது போன்றது. வாடிக்கையாளருக்கோ டெம்போ டிரைவருக்கோ நெட் கொடுக்க விரும்பினால், ரௌட்டரில் விருந்தினர் இணைப்பு என்று தனியாகப் போடும் வசதி பெரும்பாலும் இருக்கிறது. திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுக்கலாம். கல்லாப் பக்கம் விட வேண்டியதில்லை. வேலையை விட்டு ஒருவர் நின்றால், அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும். இது அவர் மீதுள்ள சந்தேகம் அல்ல. கடை ஒழுங்கு.

நமது அபிப்பிராயம்

எங்கள் முடிவை ஒளிக்காமல் சொல்கிறோம். பில் போடும் கம்ப்யூட்டருக்குக் கேபிள் இழுக்க முடியும் என்றால் கேபிளே இழுங்கள். அடாப்டர் வேண்டாம். துளை போட ஒரு நாள், சுவர் பூச ஒரு நாள், அதோடு தீர்ந்தது. டின் அடுக்கினாலும் நிற்காது, பக்கத்துக் கடைக்காரர் புது ரௌட்டர் வைத்தாலும் நிற்காது. வாடகைக் கட்டடம், சொந்தக்காரர் துளை போட விடமாட்டார், அல்லது நடுவே அடுத்தவர் இடம் இருக்கிறது என்றால் மட்டும் அடாப்டர். கம்பியில்லாதது நாகரிகம் என்பதற்காகக் கல்லாவைக் காற்றில் தொங்கவிட வேண்டியதில்லை. எங்கள் கடையில் துளை போட்டுவிட்டோம். அந்த அடாப்டரை இப்போது மாற்றுக்கென்று மேஜை அறையில் வைத்திருக்கிறோம்.

"இதெல்லாம் நமக்கு எதற்கு, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆள் வைக்க வேண்டியதுதான். எல்லாம் நாமே செய்ய முடியாது. தராசைப் பழுது பார்ப்பது நம் வேலை அல்ல. ஆனால் முத்திரை எப்போது முடிகிறது என்று நமக்குத் தெரியும். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் கண்ணைப் பார்த்தே சொல்வோம். அந்த அளவு ஞானம் இதிலும் வேண்டும் என்பதுதான் எங்கள் வாதம். பொருத்துகிற பிள்ளைகளைக் குறை சொல்வதும் நம் நோக்கம் அல்ல. ஒரு நாளைக்குப் பல கடை ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். கேட்காத கடைக்காரருக்குச் சொல்லாமல் போகிறார்கள். கேட்காதது நம் தவறு.

"அண்ணாச்சி, எங்களுக்கு வயதாகிவிட்டது, தலையில் ஏறாது" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அணா, பைசாவிலிருந்து நயா பைசாவுக்கு மாறினார்கள் நம் தகப்பனார்கள். சேர், வீசையிலிருந்து கிலோவுக்கு மாறினார்கள். நாம் விற்பனை வரியிலிருந்து வாட் வரிக்கும், அதிலிருந்து ஜி.எஸ்.டி.க்கும் மாறிவிட்டோம். இது மட்டும் ஏறாதா?

சங்கங்கள் செய்ய வேண்டியது

ஊர்ச் சங்கங்கள் இதில் இரண்டு காரியம் செய்யலாம். முதலாவது, ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் சங்கக் கட்டடத்தில் ஒரு கம்ப்யூட்டரும் ரௌட்டரும் வைத்துக் கற்றுக்கொடுப்பது. முதலாளியோடு, கணக்கெழுதுகிறவர்களும் வர வேண்டும். அவசரத்தில் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது, ஒப்படைப்புச் சிட்டை. யார் வந்து எதைப் பொருத்தினாலும் கூலி கொடுக்கும் முன் ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதி வாங்குவது என்று எல்லாரும் ஒரே முடிவாக இருக்க வேண்டும்:

1. வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும்.
2. ரௌட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டு.
3. அடாப்டரின் மாடல் எண். டிரைவர் பதிந்த பென் டிரைவ்.
4. அன்றைய தேதியில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல்.
5. பொருத்தியவர் பெயர், இரண்டு டெலிபோன் நம்பர், கையெழுத்து.

இந்தத் தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்காதீர்கள். கடைப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். சங்கம் இதை அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தால் செலவு சொற்பம். ஒரு கடை கேட்டால் பொருத்துகிறவர் முணுமுணுப்பார். தெருவே கேட்டால் அதுவே வழக்கமாகிவிடும். நியாயமான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சிட்டையை மட்டும் விடாதீர்கள்.

குமுளிக் கடைக்காரர் இன்றும் எங்களிடம் வாங்குகிறார். ஆனால் தீபாவளி நேரத்தில் மட்டும், "வண்டி கிளம்பியாச்சா?" என்று இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்கிறார். முன்பெல்லாம் கேட்கமாட்டார். அந்த ஒரு ராத்திரியில் நாங்கள் இழந்தது பத்து மூட்டை மட்டும் அல்ல என்பது அந்த இரண்டாவது போன் வரும்போதுதான் உறைக்கிறது.

ஆகவே வணிகப் பெருமக்களே, இன்று இரவு கடை சாத்தும் முன் ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். நம் வைஃபையின் பாஸ்வேர்டு என்ன, அது யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவதில் அர்த்தம் இல்லை.